போகும்வரைதான் சோம்பல்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி. ‘பீச் பக்கம் போய்ட்டு வரலாமா?’ என்று நண்பர் போன் செய்கிறார். உடனே நமக்கு நூறு காரணம் கிடைத்துவிடுகிறது. வெயில் இன்னும் தாழவில்லை, பார்க்கிங் கிடைக்காது, நாளைக்கு ஆபீஸ், துவைத்த துணி மடிக்காமல் கிடக்கிறது. எப்படியோ இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சுண்டலும் அரட்டையுமாக இரண்டு மணி நேரம் ஓடிவிடுகிறது. திரும்பும்போது, ‘மாசத்துக்கு ரெண்டு தடவையாவது இப்படி வரணும்ப்பா’ என்று சொல்பவர் பெரும்பாலும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தவராகத்தான் இருப்பார். அடுத்த ஞாயிறு போன் வந்தால் அவரிடம் மறுபடி அதே நூறு காரணம்.

சோம்பல் எல்லோருக்கும் உள்ளதுதான், அதில் அதிசயம் இல்லை. ஆனால் அடுப்பில் ஒருமுறை சுட்டுக்கொண்ட விரல் மறுமுறை தானாகத் தயங்குகிறது. வலியிலிருந்து அவ்வளவு சீக்கிரம் பாடம் படிக்கிற மனம், சின்னச் சின்ன சந்தோஷங்களிலிருந்து மட்டும் ஏன் படிக்க மறுக்கிறது? இந்தக் கேள்விக்கு உளவியலாளர்கள் அண்மை ஆண்டுகளில் பல சுவாரசியமான சோதனைகளால் பதில் தேடியிருக்கிறார்கள்.

அதற்குமுன் ஒரு நியாயமான சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சந்தோஷத்தை எப்படி அளப்பது? காய்ச்சலுக்கு இருப்பதுபோல் அதற்குக் கருவி கிடையாது. ஆளிடமே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எப்போது கேட்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ‘உங்களுக்கு எது சந்தோஷம் தரும்?’ என்று பொதுவாகக் கேட்டால், அனுபவத்தைச் சொல்லாமல் நம்பிக்கையைச் சொல்கிறோம். 1970-களில் சிகாகோவில் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கலந்துகொண்டவர்கள் கையில் பேஜர். அது எப்போது ஒலிக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒலித்தவுடன் அந்த நொடி என்ன செய்துகொண்டிருந்தோம், மனநிலை எப்படி இருந்தது என்று எழுதிவிட வேண்டும். இதை அனுபவ மாதிரி முறை எனலாம். இப்போது பேஜரின் இடத்தை செல்போன் பிடித்துக்கொண்டது.

2004-இல் டேனியல் கானமனும் சகாக்களும் இன்னொரு வழியை வெளியிட்டார்கள்: நாள் மீளமைப்பு முறை. டெக்சஸ் மாநிலத்தில் வேலைக்குப் போகும் 909 பெண்களை அழைத்து, நேற்றைய பொழுதை சினிமாக் காட்சிகளைப்போல் துண்டு துண்டாகப் பிரிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு துண்டிலும் எங்கே, யாரோடு, என்ன செய்தோம், மனம் எப்படி இருந்தது என்று குறிக்க வேண்டும். தாம்பத்திய நெருக்கத்துக்கு அடுத்தபடியாகப் பட்டியலில் உயரத்தில் நின்றது, வேலை முடிந்து நண்பர்கள், தெரிந்தவர்களோடு கழித்த நேரம். அடிமட்டத்தில் கிடந்தது, காலையில் வேலைக்குப் போகும் பயணம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நேரமும் பட்டியலில் எதிர்பார்த்ததைவிட வெகு கீழே இருந்தது. அம்மாக்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். குழந்தை தரும் மகிழ்ச்சி பொய் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. நேற்று சாயங்காலம் ஆறரை மணிக்கு அது சாப்பிட அடம்பிடித்த அரை மணி நேரம் எப்படி இருந்தது என்பதைத்தான் சொல்கிறது.

இப்போது நம் புதிருக்கு வரலாம். ஒரு காரியம் நமக்கு எப்படிப்பட்ட உணர்வைத் தரும் என்று முன்கூட்டியே ஊகிப்பதை உணர்வு முன்கணிப்பு என்று சொல்லலாம். டேனியல் கில்பர்ட், டிமோதி வில்சன் இருவரும் இதைத் தனித் துறையாகவே வளர்த்தெடுத்தார்கள். இந்தக் கணிப்பு எங்கே தவறுகிறது என்று பார்க்கக் கனடாவில் ஒரு நல்ல சோதனைக்களம் வாய்த்தது. ஒட்டாவாவின் குளிர்காலம் கொடியது. அதனால் அங்குள்ள கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கட்டடங்களை இணைக்க நிலத்தடிச் சுரங்கப்பாதைகள் உண்டு. வெளியே மரங்கள் சூழ்ந்த நடைபாதையும் உண்டு. எலிசபெத் நிஸ்பெட், ஜான் செலென்ஸ்கி இருவரும் மாணவர்களில் சிலரைச் சுரங்கம் வழியாகவும் சிலரை வெளியிலும் கொஞ்ச நேரம் நடக்கவைத்தார்கள். நடந்தால் எப்படி இருக்கும் என்று ஊகிக்கவும் சொன்னார்கள். வெளியே நடந்தவர்களின் மனநிலை சுரங்கத்தில் நடந்தவர்களைவிட நன்றாக இருந்தது. அதில் வியப்பில்லை. ஆனால் ஊகித்தவர்கள் அந்த வெளிநடையின் இன்பத்தை உள்ளதைவிடக் குறைத்தே மதிப்பிட்டார்கள். தினமும் கண்ணில் படுகிற பாதைதான், இருந்தும் அதைக் கணிக்கத் தெரியவில்லை.

இதைவிடப் பெரிய தவறு ரயிலில் அகப்பட்டது. சிகாகோ புறநகரில் ஹோம்வுட் என்று ஒரு நிலையம். காலையில் அங்கிருந்து நகருக்கு வேலைக்குப் போகிறவர்களை நிக்கலஸ் எப்ளி, ஜூலியானா ஷ்ரோடர் இருவரும் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். யார் எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். முதல் பிரிவு பக்கத்து சீட்டில் இருக்கும் முன்பின் தெரியாத ஆளோடு பேச வேண்டும். இரண்டாவது பிரிவு யாரோடும் பேசாமல் தனக்குள் இருக்க வேண்டும். மூன்றாவது, வழக்கம்போல. இன்னொரு கூட்டத்திடம் இந்த மூன்றையும் கற்பனை மட்டும் செய்யச் சொன்னார்கள். கற்பனை செய்தவர்கள், முன்பின் தெரியாதவரோடு பேசுவதுதான் இருப்பதிலேயே மோசமான பயணமாக இருக்கும் என்றார்கள். உண்மையில் பயணம் செய்தவர்களிடம் விடை தலைகீழாக வந்தது. பேசியவர்களின் பயணமே மிக இனிதாக இருந்தது. 2014-இல் இது வெளியானபோது, அமெரிக்கர்கள் வாயாடிகள், இங்கிலாந்தில் இது நடக்காது என்று சிலர் சொன்னார்கள். பிறகு லண்டன் ரயில்களிலும் செய்து பார்த்தார்கள். அங்கும் அதே முடிவு.

எழும்பூரில் நாகர்கோவில் வண்டி ஏறி, தாம்பரம் தாண்டுவதற்குள் சொந்த ஊர், சம்பளம், ‘ஏன் இன்னும் கல்யாணம் ஆகலை?’ வரைக்கும் விசாரிக்கப்பட்ட யாருக்கும் இந்த ஆராய்ச்சி வேடிக்கையாகத்தான் இருக்கும். நமக்கு இருந்த பிரச்சினை நேர் எதிரானது. ஆனாலும் காதில் செருகிய இயர்போன் இங்கேயும் ஓர் அறிவிக்கப்படாத மௌன விரதத்தைக் கொண்டுவந்துவிட்டதைப் பார்த்தால், ஹோம்வுட் ரொம்ப தூரத்தில் இல்லை என்று தோன்றுகிறது.

அந்தச் சோதனையில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று. பேச விருப்பமா என்று கேட்டால் ஏறக்குறைய எல்லோருமே, ‘எனக்கு ஆட்சேபம் இல்லை, எதிராளிக்குத்தான் பிடிக்காது’ என்று நினைத்திருந்தார்கள். நாம் பேச முயன்றால் பாதிப் பேருக்கு மேல் பேச வரமாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. முயன்று பார்த்தவர்களில் ஒருவரையும் யாரும் உதாசீனப்படுத்தவில்லை. ஒரு பெட்டி நிறைய ஆட்கள், ஒவ்வொருவரும் மற்றவருக்கு விருப்பமில்லை என்று எண்ணிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த மௌனமே அவர்கள் எண்ணத்துக்குச் சாட்சியாகவும் ஆகிவிடுகிறது.

மனம் ஏன் பாடம் படிப்பதில்லை என்ற கேள்விக்கு முதல் விடை இங்கேதான் கிடக்கிறது. கற்றல் நடக்க எதிர்பார்ப்பு பொய்யாக வேண்டும். 1990-களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அவை பரபரவென்று இயங்கின. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, விளக்குக்கு மட்டும் இயங்கின. சாறு வந்தபோது சும்மா இருந்தன. எரிந்தும் சாறு வராவிட்டால் அவற்றின் இயக்கம் அடங்கியது. அதாவது அவை அறிவிப்பது இன்பத்தை அல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. பீட்டர் டயான், ரீட் மான்டேக் இருவரோடும் சேர்ந்து 1997-இல் ஷுல்ட்ஸ் வெளியிட்ட கட்டுரை இதை எதிர்பார்ப்புப் பிழை என்று விளக்கியது. பிழை தெரிந்தால்தான் கணிப்பு திருந்தும். வீட்டிலேயே இருந்துவிட்டவருக்குப் பிழை தெரிய வழியே இல்லை. ‘போயிருந்தால் அலுப்பாகத்தான் இருந்திருக்கும்’ என்ற அவர் கணிப்பை மறுக்க எந்தச் சாட்சியும் வராது.

சரி, இழுத்துக்கொண்டு போகப்பட்டவருக்குப் பிழை தெரிந்ததே, அவர் ஏன் திருந்தவில்லை? மார்கழிக் காலையில் குளத்துப் படியில் நின்று கால்விரலை மட்டும் நனைத்துப் பார்ப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிவதெல்லாம் விரலில் ஏறும் குளிர்தான். முங்கிய பிறகு உடம்பு பழகிவிடும் என்பது நேற்றைய அனுபவம். ஆனால் விரலில் இருக்கும் குளிரோ இந்த நொடியின் நிஜம். வெளியே கிளம்புவதும் அப்படித்தான். உடை மாற்றுவது, வண்டி எடுப்பது, முதல் வார்த்தை பேசும் கூச்சம் எல்லாம் வாசலிலேயே கண்ணுக்குத் தெரிகின்றன. நடுவில் வரப்போகும் சிரிப்பு தெரிவதில்லை, ஏனென்றால் அதை யாரும் திட்டமிட்டு வைத்திருக்கவில்லை.

நினைவும் தன் பங்குக்குக் கைவிரிக்கிறது. திருமணம், விபத்து, முதல் வெளிநாட்டுப் பயணம் எல்லாம் தங்கும். போன மாதம் டீக்கடையில் எதற்கு அப்படிச் சிரித்தோம் என்பது தங்காது. டிங் ஜாங் என்பவரும் சகாக்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் கோடை விடுமுறை தொடங்கும்போது தங்கள் அன்றாடத்தைக் குறித்து வைத்தார்கள்: அண்மையில் பேசிய ஒரு பேச்சு, கேட்ட பாட்டுகள், நண்பர்களுக்குள் மட்டும் புரியும் ஒரு கேலி. மூன்று மாதம் கழித்து இதைப் படிக்க எவ்வளவு ஆவலாக இருப்பீர்கள் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். மூன்று மாதம் கழித்துக் கையில் கொடுத்தபோது, சொன்னதைவிட அதிக ஆவலோடு படித்தார்கள். காதலர் தினத்தைப் பற்றிய குறிப்பைவிட ஒரு சாதாரண நாளின் குறிப்பில்தான் கணிப்பு அதிகம் தவறியது. சாதாரணமானது மறக்கும் என்பதையே நாம் மறந்துவிடுகிறோம்.

நண்பர்கள் சேர்ந்திருப்பதால் என்ன கூடுகிறது? யேல் பல்கலைக்கழகத்தில் எரிக்கா பூத்பி சாக்லேட் கொண்டு சோதித்தார். இரண்டு பேர் ஓர் அறையில், பேசக்கூடாது. ஒரு முறை இருவரும் ஒரே சமயத்தில் ஒரே சாக்லேட்டைச் சுவைக்கிறார்கள். இன்னொரு முறை ஒருவர் சுவைக்க, மற்றவர் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சேர்ந்து சுவைத்தபோது சாக்லேட் கூடுதலாகப் பிடித்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால் துணை இருந்தால் எல்லாம் இனிக்கும் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர் கசப்பான சாக்லேட்டையும் கொடுத்துப் பார்த்தார். சேர்ந்து சுவைத்தபோது அது கூடுதலாகப் பிடிக்காமல் போனது. ஆக, துணை இனிப்பூட்டுவதில்லை. இருக்கிற சுவையை அழுத்தமாக்குகிறது.

சிரிப்பின் கணக்கு வேறு. ராபர்ட் புரொவைன் கடைவீதிகளிலும் பொது இடங்களிலும் மக்கள் சிரிப்பதை ஒட்டுக்கேட்டுத் தொகுத்தார். சிரிப்புக்கு முன்னால் வந்த பேச்சில் நகைச்சுவை என்று சொல்லத்தக்கது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ‘எங்கப்பா இருந்தே இவ்வளவு நாளா?’ போன்ற சப்பைப் பேச்சுகளே மிகுதி. தனியாக இருக்கும்போதைவிடக் கூட்டத்தில் இருக்கும்போது மனிதர் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்பதும் அவர் கண்டது. அப்படியானால் சிரிப்பு நகைச்சுவைக்கான பதில் என்பதைவிட உறவுக்கான குரல் என்பதே சரி. பின்லாந்தின் டுர்க்கு நகரில் லவுரி நும்மென்மா குழு 2017-இல் இதை மூளைக்குள்ளும் பார்த்தது. மூளையில் எண்டார்ஃபின் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. அதே ஏற்பிகளில் ஒட்டும் கதிரியக்கக் குறிப்பொருள் ஒன்றை ஊசி வழியே செலுத்தி, எவ்வளவு ஒட்டுகிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். நண்பர்களோடு நகைச்சுவைக் காட்சிகள் பார்த்துச் சிரித்த பிறகு, மூளையின் சில பகுதிகளில் அது குறைவாகவே ஒட்டியது. உடம்பே சுரந்த பொருள் அந்த ஏற்பிகளை முன்கூட்டியே பிடித்துவிட்டது என்று பொருள். ஆய்வில் இருந்தவர்கள் 12 ஆண்கள் மட்டும் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

தன்னார்வத் தொண்டுக்கு வரும்போது விஷயம் சிக்கலாகிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். தொண்டு செய்பவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்புகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. ஆனால் உடம்பு திடமாக, கடன் இல்லாமல், மனம் தெளிவாக இருப்பவர்தானே முதலில் தொண்டுக்கு வருவார்? தொண்டால் மகிழ்ச்சியா, மகிழ்ச்சியால் தொண்டா? இதைப் பிரிக்க ஆட்களைக் கட்டாயமாகத் தொண்டிலிருந்து விலக்கிப் பார்க்க வேண்டும். எந்த ஆய்வாளருக்கும் அந்த அதிகாரம் இல்லை. வரலாறு ஒருமுறை அதைச் செய்தது.

கிழக்கு ஜெர்மனியில் தொழிற்சாலைகளைச் சார்ந்த விளையாட்டுச் சங்கங்கள் போன்ற அமைப்புகளில் ஏராளமானோர் சம்பளமில்லாமல் உழைத்துவந்தார்கள். பெர்லின் சுவர் விழுந்து 1990 அக்டோபர் 3 அன்று இரு ஜெர்மனிகளும் இணைந்தன. பழைய அமைப்புகளில் பல கலைந்துபோயின. பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் போய்ப் பார்த்தால் சங்கமே இல்லை. அவர் மனம் மாறி விலகவில்லை, வாய்ப்பு பறிபோனது. அதிர்ஷ்டவசமாக, இணைப்புக்குச் சற்று முன்பே ஒரு பெரிய குடும்பக் கணக்கெடுப்பு கிழக்கு ஜெர்மானியரை விசாரிக்கத் தொடங்கியிருந்தது. தொண்டு பற்றியும் வாழ்க்கைத் திருப்தி பற்றியும் அதில் கேள்விகள் இருந்தன. ஸ்டெபான் மையர், அலாய்ஸ் ஸ்டட்சர் இருவரும் அந்தத் தரவை எடுத்தார்கள். வேலையின்மை, புதிய நாணயம் என்று எல்லோரையும்தான் அந்தக் காலம் ஆட்டிவைத்தது. ஆனால் தொண்டு நிலையில் மாற்றம் இல்லாதவர்களோடு ஒப்பிட்டபோது, தொண்டை இழந்தவர்களின் வாழ்க்கைத் திருப்தி கூடுதலாக இறங்கியிருந்தது. இதுபோல் தானாக அமையும் சந்தர்ப்பத்தை இயற்கைச் சோதனை என்பார்கள். 2008-இல் வெளியான இந்த ஆய்வு, அம்புக்குறியின் ஒரு முனையாவது தொண்டிலிருந்து மகிழ்ச்சியை நோக்கி இருக்கிறது என்று காட்டியது.

குலுக்கல் முறைச் சோதனைகள் அவ்வளவு தாராளமாகச் சான்றிதழ் கொடுக்கவில்லை. கனடாவில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் 106 பேரில் ஒரு பாதியினர் இரண்டு மாதம் வாராவாரம் சின்னப் பிள்ளைகளோடு தொண்டில் ஈடுபட, மறுபாதியினர் காத்திருந்தார்கள். தொண்டு செய்தவர்களின் ரத்தத்தில் கொழுப்பும், அழற்சியைக் காட்டும் இன்டர்லூக்கின்-6 என்ற பொருளும் குறைவாக இருந்தன. ஆனால் 2013-இல் எக்ஸிட்டர் பல்கலைக்கழகக் குழு பல ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, நீண்டகாலம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் தெரிந்த நன்மைகளைச் சோதனைகள் உறுதி செய்யவில்லை. எனக்கு இதில் முரண் தெரியவில்லை. குலுக்கலில் பெயர் விழுந்து தொண்டுக்குப் போகிறவரும், தானே கிளம்பிப் போகிறவரும் ஒரே காரியத்தைச் செய்வதில்லை. விஸ்கான்சினில் 1957-இல் பள்ளி முடித்தவர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு ஒன்று உண்டு. அவர்களிடம் 2004-இல் ஏன் தொண்டு செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தால், பிறருக்காகச் செய்கிறேன் என்றவர்களில் இறப்பு குறைவு. தனக்கு நன்மை வரும் என்று செய்தவர்களுக்கும் தொண்டே செய்யாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தொண்டு செய்தால் சந்தோஷம் வரும் என்று படித்துவிட்டு அதற்காகவே கிளம்புகிறவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கலாம்.

பிறருக்குச் செலவழிப்பதிலும் நம் கணிப்பு சறுக்குகிறது. எலிசபெத் டன், லாரா ஆக்னின், மைக்கேல் நார்ட்டன் மூவரும் 2008-இல் 46 பேரிடம் காலையில் ஓர் உறையைக் கொடுத்தார்கள். உள்ளே 5 டாலர் அல்லது 20 டாலர். மாலை ஐந்துக்குள் பாதிப் பேர் தங்களுக்கும், மீதிப் பேர் வேறு யாருக்காவதும் செலவழிக்க வேண்டும். பிறருக்குச் செலவழித்தவர்களே மாலையில் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை ஐந்தா இருபதா என்பது ஒரு பொருட்டாக இல்லை. வேறு மாணவர்களிடம் முடிவை ஊகிக்கச் சொன்னபோது, தனக்குச் செலவழிப்பதும் இருபது டாலரும்தான் சந்தோஷம் தரும் என்று பெரும்பாலோர் இரண்டிலும் தவறினார்கள். பின்னர் 136 நாடுகளின் தரவை ஆராய்ந்தபோது, மிகப் பெரும்பாலான நாடுகளில் கொடுப்பதும் மகிழ்ச்சியும் சேர்ந்தே காணப்பட்டன. ஓட்டலில் ‘நீ வை, நான் குடுக்கிறேன்’ என்று பில்லுக்கு நடக்கும் மல்லுக்கட்டு வெறும் மரியாதைக்காக மட்டும் நடப்பதில்லை போலிருக்கிறது.

ஊர் சுற்றுவது பற்றி ஒரே ஒரு ஆய்வு. ஆரன் ஹெல்லர், கேத்தரின் ஹார்ட்லி இருவரும் நியூயார்க், மயாமி நகரவாசிகளின் நடமாட்டத்தைச் சில மாதங்கள் ஜிபிஎஸ் மூலம் தொடர்ந்தார்கள். ஒரே நாளில் பல விதமான இடங்களுக்குப் போன நாட்களில் மனநிலை மேலாக இருந்தது. பெரிய சுற்றுலா எதுவும் தேவைப்படவில்லை. உற்சாகமே ஆட்களை வெளியே இழுத்திருக்கவும் கூடும் என்பதால், காரணமும் விளைவும் இங்கே இரு பக்கமும் ஓடலாம்.

இவ்வளவு ஆய்வுகளை அடுக்கினால் ஒரு சந்தேகம் வர வேண்டும்: இவற்றில் எத்தனை நிலைக்கும்? உளவியலில் புகழ்பெற்ற பல முடிவுகள் மறுபடி செய்து பார்த்தபோது கவிழ்ந்திருக்கின்றன. 2023-இல் டனிகன் ஃபோக்கும் எலிசபெத் டன்னும், அதாவது மேலே உறையில் பணம் கொடுத்த அதே டன், ஒரு கடுமையான சல்லடை பிடித்தார்கள். நன்றி பாராட்டுதல், மனிதர்களோடு பழகுதல், உடற்பயிற்சி, தியானம், இயற்கையில் உலாவுதல் என்று பத்திரிகைகள் அடிக்கடி பரிந்துரைக்கும் ஐந்து வழிகளுக்கான ஆய்வுகளைத் திரட்டி, போதுமான ஆட்களைக் கொண்டோ முன்கூட்டியே திட்டத்தைப் பதிவு செய்தோ நடந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மிஞ்சியவை 57. நன்றி பாராட்டுதலுக்கும் மனிதர்களோடு பழகுவதற்கும் ஓரளவு நல்ல ஆதாரம் நின்றது. மற்ற மூன்றுக்கும் ஆதாரம் மெலிந்துபோனது. அவை பயனற்றவை என்று இதற்குப் பொருள் இல்லை. நம்பத்தகுந்த சோதனைகள் இன்னும் போதவில்லை. ஒட்டாவாவின் நடைபாதையை அந்த எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மனிதர்களோடு பழகும் விஷயத்தில் மனத்தைத் திருத்த முடியுமா என்பதையும் சோதித்துவிட்டார்கள். ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரோம், சாக்லேட் சோதனை செய்த பூத்பி, கஸ் கூனி மூவரும் மாணவர்களுக்கு போனில் ஒரு புதையல் வேட்டை கொடுத்தார்கள். தொப்பி போட்டவர், வித்தியாசமான செருப்பு அணிந்தவர் என்று பட்டியலில் உள்ள மாதிரி ஆட்களைத் தேடிப்பிடித்து, நாள்தோறும் முன்பின் தெரியாதவர்களோடு பேச வேண்டும். ‘என்னை உதாசீனப்படுத்துவார்கள்’ என்ற பயமும், பேச்சு எப்படி அமையும் என்ற கணிப்பும் ஒவ்வொரு நாளும் பதிவாயின. முந்தைய ஆய்வுகளில் ஒரே ஒரு நல்ல உரையாடல் அடுத்த ஆளைப் பற்றிய பயத்தைப் பெரிதாக மாற்றியிருக்கவில்லை. அது ஏதோ அந்த ஆள் நல்லவர் என்பதோடு முடிந்துவிட்டது. இங்கே வாரம் முழுவதும் திரும்பத் திரும்பப் பேசியபோது பயம் நாளுக்கு நாள் இறங்கி, கணிப்பு நடப்பை நெருங்கியது. வேட்டை முடிந்து ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதும் பயம் பழைய நிலைக்கு ஏறியிருக்கவில்லை.